மூலைக் கட்டில் காலியா?

அந்த மருத்துவமனைக்குச் சின்னவள் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். தோளில் மடிக்கணினிப் பை, கழுத்தில் ஒப்பந்த ஊழியர் என்று எழுதிய அட்டை. துணி துவைக்கும் அறையைத் தாண்டி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் குட்டி அறைக்குள் நுழைவாள். வேலையை முடித்துவிட்டு வந்த வழியே போய்விடுவாள். நோயாளிகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. திரையில் ஏறி இறங்கும் எண்கள்தான் அவளுக்கு நோயாளிகள்.

அன்று முன்வாசல் வழியாக வந்தாள். அம்மாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

மழைக்கு முந்தைய மத்தியானம். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் நடைபாதையில் எல்லா விளக்கையும் போட்டிருந்தார்கள். ஆனாலும் வெளிச்சம் போதவில்லை. கிருமிநாசினி வாசனைக்கு அடியில் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை. யாரோ எங்கேயோ கட்டில் ஒன்றை இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் மட்டும் அழுதுகொண்டே போனது.

அவளுடைய அக்கா, பெரியவள், வேலை செய்யும் இடத்திலேயே சுருண்டு விழுந்திருந்தாள். ஏதோ ஒரு சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு அலைந்தவள். அது ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, அதைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் கையில் எதுவும் இல்லை என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

பிரிவு நிரம்பி வழிந்தது. ஜன்னல் இல்லாத மூலையில் இருந்த கட்டில் ஒன்றுதான் மிச்சம். அங்கே பெரியவளைக் கிடத்தினார்கள்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மருந்துப் பம்ப் உண்டு. பின்னறையில் இருக்கும் கணினி சொன்னால்தான் அது மருந்தைத் தள்ளும். கை தவறி யாரும் கூடுதலாக ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. அந்தப் பூட்டுக்கான நிரலை எழுதியவள் சின்னவள்தான். அவளும் கூட வேலை பார்க்கும் நெட்டையனும் சேர்ந்து எழுதியது.

பெரியவளின் பம்ப், திரையில் இரண்டே சொற்களைக் காட்டியது.

இடம் இல்லை.

நர்ஸ் அணைத்துப் போட்டுப் பார்த்தார். வயரைப் பிடுங்கிச் செருகினார். மறுபடியும் அதே. மாற்றுப் பம்ப் ஒன்று மேல்மாடியில் இருந்தது, அதுவும் இன்னொரு உயிரோடு மாட்டப்பட்டிருந்தது. கடைசியில் அவர் ஊசிக்குழலை எடுத்து, மருந்தைத் தன் கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக அழுத்த ஆரம்பித்தார். சின்னவளின் கழுத்தில் கிடந்த அட்டையை அப்போதுதான் கவனித்தார்.

"ஏம்மா, இது உங்க மெஷின்தானே?"

சின்னவள் தலையாட்டினாள்.

"அப்போ இங்க நின்னு அழாதே. போய் அதைச் சரி பண்ணு. என் விரல் மரத்துப்போறதுக்குள்ள பண்ணும்மா."

பின்னறை குளிர்ந்து கிடந்தது. கணினியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. சூடான தூசியின் வாசனை. அவள் கதவைச் சாத்தினாள். சாத்தியபிறகும் பிரிவுக்குள் கேட்கும் பீப் ஒலிகள், கதவுக்கு அடியில் நீர் கசிவது போல உள்ளே வந்துகொண்டிருந்தன.

ஒரு கணினிக்குள் ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. போர்ட் என்பார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு எண். ஒரு வாசலில் ஒருவர்தான் உட்கார முடியும். உட்கார்ந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு, யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னொருவர் அங்கே வந்தால் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவார். மருத்துவமனையின் கணினிப் பாதுகாப்புச் சுவர், கட்டில்கள் எத்தனையோ அத்தனை போர்ட்களைத்தான் திறந்து வைத்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. காலியாக இருக்கும் போர்ட்டைக் கண்டுபிடித்துக் கட்டிலுக்குக் கொடுக்க வேண்டியது நிரலின் வேலை.

அந்தப் பகுதியை எழுதியபோது நெட்டையன் ஒரு குறை சொன்னான். காலியா என்று பார்ப்பது ஒரு வேலை, போய் உட்காருவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கிற இடைவெளி இருக்கிறது, அதற்குள் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன பண்ணுவாய், முதலிலேயே துண்டு போட்டு வைக்க வேண்டாமா என்றான். இந்தக் கணினியில் நம்மை விட்டால் யார் வரப்போகிறார்கள் என்று சின்னவள் சிரித்தாள். இன்னொன்றுக்கும் அவன் அவளைக் கேலி செய்வான். போர்ட் இயங்குகிறது என்பதைக் காட்ட, அவள் 'கேட்கிறது' என்று எழுதி வைத்திருந்தாள். காதால் கேட்கிறது என்கிற அர்த்தத்தில்.

"கேக்குதா? என்ன வேணுமாம் அதுக்கு?" என்பான்.

இப்போது திரையில் வரிசையாக எல்லாக் கட்டில்களும் நின்றன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'கேட்கிறது'.

மூலைக் கட்டிலுக்கும்.

பெரியவளின் பம்ப் இன்னும் உள்ளே வரவில்லை. அப்படியானால் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எந்த நிரல் என்று கணினியைக் கேட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் வந்தது. இதற்கு மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நிறுத்தப் பார்த்தாள். அப்படி எதுவும் ஓடவில்லை என்றது. ஓடாத ஒன்றை எப்படி நிறுத்துவது?

நெட்டையனைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதும் அவன் கேலியை விட்டுவிட்டான். மொத்தமாக அணைத்துப் போட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும் என்றான். அணைத்தால் மற்றக் கட்டில்களின் பம்ப்களும் நின்றுவிடும், அங்கேயும் உயிர்கள்தான் கிடக்கின்றன என்றாள். வேறு போர்ட் திறக்க முடியாதா என்றான். பாதுகாப்புச் சுவரின் சாவி வைத்திருக்கும் ஆள் போனை எடுக்கவில்லை என்றாள்.

"அந்தப் போர்ட்ல ஏதாவது வருதா பாரு," என்றான் அவன்.

பார்த்தாள்.

நாடித்துடிப்பு வந்துகொண்டிருந்தது.

சீரான, மெதுவான நாடி. தூங்குகிற ஒருவரின் நாடி. எந்தக் கட்டிலிலும் இல்லாத ஒருவரின் நாடி.

"யாரு இது?" என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

எண் துள்ளியது.

அந்தக் கணினியில் ஒலிவாங்கி கிடையாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண் மெதுவாக இறங்கியது. நாற்காலியை நகர்த்தினாள். மறுபடியும் ஏறியது. கழுத்துக்குப் பின்னால், முடிக்கு அடியில், யாரோ காதை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

கதவைத் தட்டினார்கள். அவள் நாற்காலியோடு சாய்ந்தே விழுந்திருப்பாள். அம்மாதான். அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. பிரஷர் இன்னும் இறங்குகிறதாம், நர்ஸின் விரல் மரத்துப்போய்விட்டதாம், என்ன பண்ணுகிறாய் என்று கேட்கச் சொன்னார்களாம்.

"பண்ணிடுவேம்மா. நீ போ."

"உன்னால முடியுமா?"

"போம்மா."

ஒரு வழி பாக்கி இருந்தது. ஒரு கட்டில் காலி என்று பதிவு செய்தால், அதற்குரிய போர்ட்டை நிரல் விட்டுவிடும். விட்ட அந்த நொடியில் பம்ப்பை உள்ளே நுழைக்கலாம். கட்டிலில் அக்கா கிடக்கும்போது கட்டில் காலி என்று சொல்ல வேண்டும். வெறும் எழுத்துதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் விசைப்பலகையைத் தொடும் முன்பே திரையில் கேள்வி வந்துவிட்டது.

மூலைக் கட்டில் காலியா?

இந்தக் கேள்வியும் அவள் எழுதியதுதான். காலி செய்யும் பொத்தானை அமுக்கினால், தவறுதலாக அமுக்கிவிட்டார்களோ என்று நிரல் ஒருமுறை கேட்கும். பதில் இரண்டே சொல். காலி, அல்லது நிறைந்தது. பொத்தானை எப்போது அமுக்கினோம் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பீப் ஒலி நீண்டுகொண்டே போக ஆரம்பித்திருந்தது.

காலி, என்று அடித்தாள்.

நாடி நின்றது.

அந்த ஊர் பேர் தெரியாத நாடி, திரையில் இருந்து துடைத்தது போல மறைந்தது. இரைச்சல் நின்றுவிட்டது போல அறை அமைதியானது. குளிர் காற்று ஒன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு கதவுப் பக்கம் போனது. மூடிய கதவு, பூட்டில் ஒருமுறை மெதுவாக அசைந்து அடங்கியது.

பிறகு போர்ட் காலி என்று காட்டியது. பம்ப் உள்ளே வந்து உட்கார்ந்தது. மருந்து இறங்க ஆரம்பித்தது.

பிரிவில் இருந்து அம்மாவின் அழுகை கேட்டது. சந்தோஷ அழுகை. போனில் நெட்டையன், பார்த்தாயா, சொன்னேன் இல்லையா என்று என்னமோ சொல்லிக்கொண்டிருந்தான். சின்னவள் நடந்தவற்றைத் திரையில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானை யாரும் அமுக்கியிருக்கவில்லை. அந்தக் கேள்வியை நிரல் கேட்கவில்லை.

கேள்வி போர்ட்டுக்குள் இருந்து வந்திருந்தது.

*

பெரியவள் பிழைத்துவிட்டாள். டாக்டர்களே ஆச்சரியப்படும் அளவுக்குச் சீக்கிரம் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுக்குப் பிடித்த நீல விரிப்பைப் போட்டு வைத்திருந்தாள். பெரியவள் அதன் ஓரத்தில், பிறர் வீட்டில் உட்காருவது போல, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

சின்னவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வச்சிடுங்க, நான் எடுத்துக்கறேன்," என்றாள் பெரியவள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததில் இருந்து அவளை வாடி, போடி, எருமை என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிற அக்கா. கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து, "சரிங்க மேடம்," என்றாள். பெரியவள் சிரிக்கவில்லை. நன்றி சொல்வது போலத் தலையை மட்டும் அசைத்தாள்.

அன்று முழுக்க நீங்கதான். மறுநாளும் நீங்கதான். குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அம்மா பேசும்போது கைகளை மடியில் கோத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மூளை வரை போயிருக்கும், மெதுவாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். ஆனால் அடுப்படியில் தனியாக இருக்கும்போது, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சின்னவளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவ என்னைப் பார்த்துச் சிரிக்கறப்போ யார் வீட்டுப் பொண்ணோன்னு தோணுதுடி."

ஒரு காலை நேரம், பெரியவள் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் அவள் பாதத்தில் விழுந்திருந்தது. உள்ளே அவளுடைய உடைகள்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சின்னவள் வாசலில் நிற்பதை உணர்ந்து திரும்பினாள்.

"உங்க அக்கா ரொம்ப நல்லா அடுக்கி வச்சிருக்காங்க," என்றாள்.



"அவங்க திரும்பி வர்றதுக்குள்ள நான் கிளம்பிடணுமா?" என்று பெரியவள் கேட்டாள். குரலில் கெடுதல் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் அதிக நாள் தங்கிவிட்டவளின் கூச்சம்.

அன்று மாலை நெட்டையன் போன் பண்ணினான். மூலைக் கட்டிலின் போர்ட் மறுபடியும் மக்கர் பண்ணுகிறதாம். பெரியவளின் பம்ப்பை முறைப்படி கழற்றியாகிவிட்டது, போர்ட் காலியாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. பழைய கணினியே கோளாறு என்று மருத்துவமனை முடிவு கட்டிவிட்டது. புதுக் கணினி வந்து இறங்கிவிட்டது. நாளை மத்தியானம் கட்டில்களுக்குப் பம்ப் தேவைப்படாத ஒரு நேரம் பார்த்துப் பழையதை அணைத்துவிடப் போகிறான்.

"அந்தப் போர்ட்ல ஏதாவது வருதா?" என்று கேட்டாள் சின்னவள்.

"அதான் கொடுமை. நாடி வருது. காட்டுத்தனமா அடிக்குது."

*

மறுநாள் நர்ஸ் சின்னவளை அடையாளம் கண்டுகொண்டு தோளைத் தட்டினார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மூலைக் கட்டிலில் இதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று சின்னவள் கேட்டாள். நர்ஸின் முகம் மாறியது. கூட நடந்துகொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அக்காவுக்கு முன்னால் அங்கே படுத்திருந்தது ஒரு டீச்சராம். தனியாக வாழ்ந்தவர். தங்கமான மனுஷி. கூட்டிப் பெருக்க வருகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவாராம். அவர் போனபோது அவசரத்தில் யாரும் காலி செய்யும் பொத்தானை அமுக்கவில்லை. அடுத்த உயிருக்குப் பம்ப் தேவைப்பட்டது, வயரை அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் பம்ப் வேலை செய்யவில்லை. கூடுமான வரை அங்கே யாரையும் போடுவதில்லை.

"போயிட்டாங்கன்னு அவங்களுக்குச் சொல்லவே இல்லையோன்னு எனக்குத் தோணும்," என்றார் நர்ஸ். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர் போல வேகமாகப் போய்விட்டார்.

இப்போது மூலைக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் கிடந்தார். மேல்மாடியில் இருந்து கொண்டுவந்த, கணினி தேவைப்படாத தனிப் பம்ப், அவர் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அகலமான மார்பு. நகக்கண்ணில் போகாத எண்ணெய்க் கறை. வெளியே பெஞ்சில் அவர் மனைவி, அவருடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவளின் அட்டையைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"உள்ள போறீங்களாம்மா? அவர் எப்படி இருக்காருன்னு பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கு நாளான்னைக்குள்ள கண்ணு முழிச்சிடுவாருன்னு டாக்டர் சொல்றாரு. நிஜமாத்தானே?"

"நிஜம்தான் அக்கா," என்றாள் சின்னவள்.



பின்னறையில் புதுக் கணினி அட்டைப்பெட்டியில் இருந்து பாதி வெளியே எட்டிப் பார்த்தது. நெட்டையன் அதற்கான வயர்களை எடுத்துவரக் கீழே போயிருந்தான். சின்னவள் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்தாள்.

திரை காத்திருந்தது.

மூலைக் கட்டில் காலியா?

நெட்டையன் சொன்னது சரிதான். நாடி காட்டுத்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. பூட்டிய அறைக்குள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற ஒருத்தியின் நாடி.

"அக்கா," என்றாள் மெதுவாக.

எண் எகிறியது. எகிறி, மறுநொடியே இறங்கியது. காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் கை வைத்ததும் அது அடங்குவது போல.

சின்னவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

நான்தான், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அந்த வாசல் வழியாகப் போக வர இரண்டே சொற்கள்தான் அவள் எழுதி வைத்திருந்தாள். அக்கா கேட்பதற்கும் ஒரே ஒரு கேள்விதான்.

மூலைக் கட்டில் காலியா?

நிறைந்தது, என்று அடித்தாள். கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது.

மூலைக் கட்டில் காலியா?

நிறைந்தது.

மூலைக் கட்டில் காலியா?

நிறைந்தது. நிறைந்தது அக்கா. அங்கே வேறொருத்தர் இருக்கார். வெளிய அவர் பொண்டாட்டி உட்கார்ந்திருக்காங்க. அதை வாய்விட்டே சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நாடி ஒரு கணம் தயங்கியது.

பிறகு கேள்வி மறுபடி வந்தது. மெதுவாக, கெஞ்சுவது போல.

நெட்டையன் வயர் கட்டோடு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். இந்தப் போர்ட்டை அப்படியே புதுக் கணினிக்கு மாற்ற முடியுமா என்றாள்.

"நம்பரை மாத்தலாம். உள்ள உட்கார்ந்திருக்கிற ஆளை எப்படி மாத்துறது?" என்றான். ஏதோ வேடிக்கையாகத்தான் சொன்னான்.

"அணைக்காதே. இன்னும் ஒரு வாரம்."

"இப்போதான் எல்லாப் பம்ப்பும் ஓய்வுல இருக்கு. நர்ஸ் நேரம் கொடுத்திருக்காங்க. இதை விட்டா கிடைக்காது. பழசு இருக்கிற வரைக்கும் புதுசு ஓடாது, ஒரே முகவரி ரெண்டு மெஷினுக்கும் ஆகாது. உனக்கே தெரியும்."

"அணைச்சா உள்ள இருக்கிறது என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? போயிடும்."

அவன் குனிந்து மின்கம்பியைத் தேட ஆரம்பித்தான். சுவருக்கும் கணினிக்கும் நடுவே அவன் கை நுழைந்தது. சின்னவள் திரையைப் பார்த்தாள். கேள்வி அங்கேயே நின்றது. இப்போது நாடி அடங்கிவிட்டிருந்தது. கேட்பதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தங்கை என்ன சொல்கிறாளோ அதுதான் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல.

அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அலமாரி முன்னால் நின்ற அந்த மரியாதையான உருவம் நினைவுக்கு வந்தது. பிளாஸ்டிக் பையில் இருந்த செருப்பும் நினைவுக்கு வந்தது. அதை வேண்டுமென்றே தள்ளிவிட்டாள்.

காலி.

குளிர் காற்று அவள் முழங்காலை உரசியது. கதவு, பூட்டில் அசைந்தது.

"ஏசி ரொம்ப வச்சிருக்காங்க," என்றான் நெட்டையன், மேஜைக்கு அடியில் இருந்து.

அவள் எழுந்து ஓடினாள்.

பிரிவில் நர்ஸ் குனிந்து நின்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அவரே கதவைத் திறந்து டிரைவரின் மனைவியை உள்ளே கூப்பிட்டார். அவள் செருப்புப் பையோடு ஓடிவந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் கண்ணைத் திறந்திருந்தார். மேற்கூரையைப் பார்த்தார். தன் பெரிய கைகளைத் தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். மனைவி அவர் கையைப் பற்றினாள். அவர் அவளைப் பார்த்தார், புரியாமல், இரக்கத்தோடு. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ரத்தம் உப்பாகக் கரித்தது.

டிரைவர் அவளைப் பார்த்தார்.

குழாய்கள் தொங்கும் கையை நீட்டினார். எட்டவில்லை. அவள் தன்னையறியாமல் முன்னால் வந்தாள். கரடுமுரடான அந்தக் கை அவள் வாயில் இருந்த கையைப் பட்டென்று தட்டிவிட்டது.

"கடிக்காதேடி, எருமை," என்றது ஒரு ஆணின் கட்டைக் குரல்.

நர்ஸ் திகைத்தார். அந்தப் பெண் பதறிப்போய், மயக்கத்தில் பேசுகிறார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கணவனின் காதருகே குனிந்து, நான்தான், நான்தான், என்னைப் பாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சின்னவளின் போன் அடித்தது. நெட்டையன். பழையதை அணைத்தாயிற்று, வயரைக்கூடப் பிடுங்கியாயிற்று என்றான். புதுசும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். கட்டில் எதையும் அவன் இன்னும் சேர்க்கவில்லை, வயர்கூட மாட்டவில்லை. ஆனால் ஒரு போர்ட்டில் மட்டும் ஆள் இருக்கிறது. அவள் ஏதாவது ஓடவிட்டுப் போனாளா?

கட்டிலருகே அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருந்தது.

"ஏய், லைன்ல இருக்கியா?" என்றான் நெட்டையன். "கொஞ்சம் இரு. அது என்னமோ கேக்குது."